ஜெர்மானியக் காலனித் தபால்தலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆல்பம் ஒன்று கைக்கு வருகிறது. உள்ளே வெள்ளைக் கப்பல் படம் போட்ட சில தலைகள். மேலே டோகோ, சமோவா, கேமரூன் என்று பெயர்கள். என்ன இது, அசலா, ஏதாவது தேறுமா? இந்தக் கேள்விகளை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன், இப்போது என்னிடம் கேட்கிறார்கள். பதில்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்: இந்தத் தலை தன் மேல் எழுதியிருக்கும் ஊருக்கு உண்மையிலேயே போனதா, இல்லை பெர்லினை விட்டு நகரவே இல்லையா?

எந்த ஊர்களின் தலைகள் இந்தக் கணக்கில் வரும்?

ஆப்பிரிக்காவில் நான்கு: டோகோ, கேமரூன், ஜெர்மானியத் தென்மேற்கு ஆப்பிரிக்கா (இன்றைய நமீபியா), ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்கா (இன்றைய டான்சானியாவின் நிலப்பகுதி, ருவாண்டா, புருண்டி). பசிபிக்கில் ஐந்து: ஜெர்மானிய நியூகினி, மார்ஷல் தீவுகள், கரோலின் தீவுகள், மரியானா தீவுகள், சமோவா. சீனக் கரையில் ஒன்று: 99 வருடக் குத்தகைக்கு எடுத்த கியாவ்சாவ், அதன் துறைமுகம் சிங்டாவ். கரோலினையும் மரியானாவையும் 1899-இல் ஸ்பெயினிடமிருந்து இரண்டரைக் கோடி பெசட்டா கொடுத்து ஜெர்மனி வாங்கியது.

சீனா, மொராக்கோ, துருக்கிப் பேரரசு ஆகிய இடங்களில் ஜெர்மனி நடத்திய தபால் நிலையங்களின் தலைகளையும் ஆல்பங்களில் இதோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அவை காலனிகள் அல்ல. அந்தத் தலைகளில் கப்பலும் இருக்காது. ஜெர்மனியின் சொந்தத் தலை மேல் ஊர்ப் பெயரையோ உள்ளூர் நாணய மதிப்பையோ அச்சடித்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் அதே கப்பல் ஏன்?

அது ஜெர்மன் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்மின் சொந்தக் கப்பல் 'ஹோஹென்ட்ஸொலர்ன்'. 1900 முதல் எல்லாக் காலனிகளுக்கும் ஒரே வடிவமைப்பு போதும் என்று முடிவு செய்து, பெயரை மட்டும் மாற்றிப் பெர்லின் அரசு அச்சகத்தில் அடித்தார்கள். கைசர் வருடா வருடம் கோடைக்கு அந்தக் கப்பலில் போனது நார்வே பக்கம்தான் என்பது வேறு விஷயம்.

இரண்டு அளவுகள் உண்டு. 3 ஃபென்னிக் (நூறு சேர்ந்தால் ஒரு மார்க்) முதல் 80 ஃபென்னிக் வரை சின்னது, நின்ற வடிவம். கிழக்கு ஆப்பிரிக்காவின் நாணயம் மட்டும் வேறு, அது பிறகு. 1, 2, 3, 5 மார்க் தலைகள் பெரியவை, படுத்த வடிவம், கப்பல் பக்கவாட்டில் தெரியும். சின்னவை சாதாரண எழுத்தச்சு. பெரியவை செதுக்கிய தகட்டில் அடித்தவை; வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மை தாளுக்கு மேல் மேடாக நிற்கும். இதை முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள். மார்க் தலைகளின் போலிகள் பல இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

நிறம் எல்லாக் காலனிக்கும் ஒன்றேதான்: 3 பழுப்பு, 5 பச்சை, 10 சிவப்பு, 20 நீலம். 25-க்கு மேல் இரண்டு நிறம், சிலவற்றுக்கு நிறமேற்றிய தாள்.

கப்பலுக்கு முன்னால் அங்கே என்ன ஒட்டினார்கள்?

சாதாரண ஜெர்மன் தலைகளைத்தான். அப்பியாவில் (சமோவா) 1886-லும், கேமரூனில் 1887-லும், டோகோவின் கிளைன்-போப்போவில் 1888-லும் தபால் நிலையம் திறந்தபோது, பெர்லினில் விற்ற அதே தலைகளை அனுப்பினார்கள். இவற்றை ஜெர்மன் சேகரிப்பாளர்கள் 'முன்னோடிகள்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். அந்தத் தலை காலனியில் இருந்ததற்கு முத்திரை ஒன்றுதான் சாட்சி. பெர்லின் முத்திரை விழுந்த 10 ஃபென்னிக் தலையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. அதே தலையில் 'சான்சிபார்' என்று விழுந்திருந்தால் கதை வேறு. அங்கே ஜெர்மன் தபால் நிலையம் 1890 ஆகஸ்ட் முதல் 1891 ஜூலை வரை ஒரு வருடம்கூட முழுதாக நடக்கவில்லை. கென்யக் கரையில் உள்ள லாமுவும் அப்படித்தான், 1888 முதல் 1891 வரை.

காலனிப் பெயர் போட்ட தலைகள் வந்த பிறகும் கையிருப்பில் இருந்த சாதாரணத் தலைகள் சில இடங்களில் செலவாகிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு 'கூட ஓடியவை' என்று பெயர். ஆக, ஜெர்மன் தலைகளை மொத்தமாக வாங்கும்போது முத்திரை ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் படியுங்கள். விற்பவர் படிக்காமல் விட்டது உங்களுக்குக் கிடைக்கலாம்.

மேலச்சு என்றால் என்ன? அதில் என்ன வகைகள்?

ஏற்கெனவே அச்சான தலை மேல் இன்னொரு முறை எழுத்தை அச்சடிப்பது மேலச்சு. 1889-இல் வந்த ஜெர்மன் தலைகள் (சின்ன மதிப்புகளில் கிரீடம், பெரியவற்றில் கழுகு) மேல் 1890-களில் காலனிப் பெயரைக் குறுக்காக அடித்து அனுப்பினார்கள். வகை பிரிக்கும் வேலையில் ருசியான பகுதி இதுதான்.

தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 1897-இல் அடித்தபோது பெயருக்குள் இரண்டு இணைப்புக்கோடு போட்டார்கள். 1898 முதல் 'தென்மேற்கு', 'ஆப்பிரிக்கா' இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்து, ஒரு கோடாகக் குறைத்தார்கள். இரண்டு கோடு உள்ள வரிசையில் 25, 50 ஃபென்னிக் தலைகளும் அச்சாயின, ஆனால் காலனிக்கு அனுப்பப்படவே இல்லை. அவற்றில் காலனித் தலைநகர் வின்ட்ஹுக்கின் முத்திரையைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள்.

மார்ஷல் தீவுகளின் கதை எழுத்துப் பிழை. பிரிட்டிஷ் கப்பல் தலைவர் ஜான் மார்ஷலின் பெயரை வைத்த தீவுகள் அவை. 1897 மேலச்சில் அதை ஜெர்மன் வழக்கப்படி 'எஸ்-சி-எச்' போட்டு எழுதிவிட்டார்கள். 1899-இல் 'சி' எழுத்தை எடுத்துவிட்டார்கள். 'சி' உள்ளவற்றில் ஜலூயிட் (தீவுகளின் தலைமையிடம்) வெளியீடு, பெர்லின் வெளியீடு என்று மேலும் ஒரு பிரிவு உண்டு. அதைத் தாள், பசை, மையின் சாயல் பார்த்துப் பிரிக்கிறார்கள். இது புதியவர்கள் வீட்டில் உட்கார்ந்து தீர்க்கும் வழக்கு அல்ல.

கரோலின், மரியானாவில் '48 டிகிரி', '56 டிகிரி' என்கிறார்களே?

மேலச்சு சாய்ந்திருக்கும் கோணம். 1899-இல் போன முதல் அச்சு 48 டிகிரி, 1900-இல் வந்தது 56 டிகிரி. முதலாவது மிகக் குறைவு, விலை பல மடங்கு. சீனா மேலச்சிலும் இதே மாதிரி 45, 56 என்று இரண்டு கோணம் உண்டு.

அளக்க, பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியே போதும், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் சரி. தலையை ஸ்கேன் செய்து கணினியில் பெரிதாக்கி அளப்பது இன்னும் நல்லது. ஆனால் எதை வைத்து அளக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். துளையிட்ட ஓரத்தை வைத்து அளக்காதீர்கள். ஓரம் கோணலாக இருக்கலாம். தலையின் உள்சட்டக் கோட்டை அடிப்படையாக வைத்து, எழுத்துகளின் அடிவரிசை அதோடு எவ்வளவு கோணம் காட்டுகிறது என்று பாருங்கள். எட்டு டிகிரி வித்தியாசம் பழகிய கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். 48 என்று வந்துவிட்டால் குதிக்காமல் அடுத்த சந்தேகத்துக்குப் போங்கள்: அதைப் போலியாக அடிக்கிறவனிடமும் பாகைமானி இருக்கும்.

நீர்க்குறியை எப்படிப் பார்ப்பது?

நீர்க்குறி என்பது தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மங்கலான உருவம். முதல் கப்பல் தலைகள் நீர்க்குறி இல்லாத தாளில் வந்தன. 1905 முதல் சாய்சதுர வலை போன்ற நீர்க்குறி உள்ள தாளுக்கு மாறினார்கள், காலனிக்குக் காலனி வெவ்வேறு வருடத்தில். படம் ஒன்று, நிறம் ஒன்று. தாள் மட்டும்தான் வேறு.

கறுப்புத் தட்டில் தலையைக் குப்புறப் போட்டு இரண்டு சொட்டு பென்சின் விடுங்கள். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவமும் ஆகும். வலை கறுப்பாகத் தெரிந்து, காயும்போது மறையும். பசை கெடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ வேண்டாம். மஞ்சள், ஆரஞ்சு நிறத் தலைகளில் சட்டென்று தெரியாது. இரண்டு மூன்று முறை முயன்ற பிறகு முடிவு கட்டுங்கள்.

முத்திரை விழுந்த தலைக்குப் புதுத் தலையைவிட விலை அதிகமா? தலைகீழாக இருக்கிறதே?

தலைகீழ்தான். நம் ஊர்ப் பழைய தலைகளில் பயன்படுத்தியது மலிவு, புதியது விலை என்று பழகியிருப்போம். இங்கே அந்தத் தீவுகளில் கடிதம் எழுத ஆளே கொஞ்சம். பெர்லினில் சேகரிப்பாளர்களுக்கென்றே ஒரு விற்பனைப் பிரிவு இருந்தது, அங்கே புதுத் தலைகள் தாராளமாகக் கிடைத்தன. அதைவிடப் பெரிய வேடிக்கை: முதல் உலகப் போரில் காலனிகள் கைவிட்டுப் போன பிறகும் அவற்றின் பெயரில் தலைகளை அடித்து அதே பிரிவில் 1919 வரை விற்றார்கள். ஊர் இல்லை, தபால் நிலையம் இல்லை, தலை மட்டும் இருந்தது.

நான் பட்டதைச் சொல்கிறேன். மரியானா 3 ஃபென்னிக், சைபான் முத்திரை, 1911 தேதி. ஒரு ஏலத்தில் சல்லிசாக வந்தது, கொத்திக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துச் சும்மா பென்சினில் போட்டுப் பார்த்தால் சாய்சதுரங்கள் வரிசையாக வந்து நின்றன. நீர்க்குறி உள்ள மரியானா தலைகள் போர்க்காலத்தில் பெர்லினில் மட்டும் விற்றவை. 1911-இல் அந்தத் தாளில் அப்படி ஒரு தலையே கிடையாது. முத்திரை அடித்தவருக்கு அது தெரியவில்லை, வாங்கிய எனக்கும் தெரியவில்லை. அந்தத் தலையை ஆல்பத்தில் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீர்க்குறி உள்ள சமோவா தலைகளுக்கும் இதே கதிதான்.

அப்படியானால் முத்திரைத் தேதியை எதோடு ஒப்பிடுவது?

இந்தத் தேதிகளை ஆல்பத்தின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். டோகோ 1914 ஆகஸ்ட் 26-இல் சரணடைந்தது. சமோவா ஆகஸ்ட் 29. ஜெர்மானிய நியூகினி செப்டம்பர். மார்ஷல், கரோலின், மரியானா மூன்றையும் அக்டோபரில் ஜப்பான் பிடித்தது. சிங்டாவ் நவம்பர் 7. தென்மேற்கு ஆப்பிரிக்கா 1915 ஜூலை 9. கேமரூனில் கடைசிக் கோட்டை 1916 பிப்ரவரியில் விழுந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மட்டும் 1918 நவம்பர் வரை சண்டை இழுத்தது. இந்தத் தேதிகளுக்குப் பிந்திய ஜெர்மன் முத்திரை இருந்தால் கேள்வி கேளுங்கள். முந்திய முத்திரை இருந்து, தலை பிந்திய அச்சு என்றால் கேள்வியே தேவையில்லை, முத்திரை போலிதான்.

26:17, 25:17 என்று எழுதியிருப்பது?

மார்க் தலைகளின் விளிம்புத் துளை எண்ணிக்கை. நீளப் பக்கத்தில் 26 துளையா 25 துளையா என்று எண்ணுங்கள். உயரத்தில் இரண்டுக்கும் 17. 25 உள்ளவை பெரும்பாலும் பிந்திய அச்சு. துளைமானி தேவையில்லை, ஊசிமுனையும் பொறுமையும் போதும்.

கிழக்கு ஆப்பிரிக்கத் தலையில் 'ரூப்பி', 'பெசா' என்று இருக்கிறதே?

நம் ரூபாயும் பைசாவும்தான். அந்தக் கரையோரத்தில் இந்திய ரூபாய்தான் புழங்கியது. ஜெர்மானியர் வந்து தங்கள் நாணயத்தையும் அதே பெயரில் அடித்தார்கள்: ஒரு ரூப்பிக்கு 64 பெசா. அதனால் மேலச்சில் ஊர்ப் பெயர் இல்லாமல், 3 ஃபென்னிக் தலை மேல் '2 பெசா' என்று மட்டும் இருப்பதைப் பார்த்தால் அது கிழக்கு ஆப்பிரிக்காவின் 1893 வெளியீடு. 1905-இல் ரூப்பிக்கு 100 ஹெல்லர் என்று மாற்றினார்கள். கப்பல் தலைகளும் பெசா வரிசை, ஹெல்லர் வரிசை என்று இரண்டாயின. அதே 1905-இல் கியாவ்சாவும் மார்க்கை விட்டு டாலர், சென்ட்டுக்கு மாறியது.

'வூகா' தலைகள் என்றால்?

எனக்கு மிகவும் பிடித்தவை, என்னிடம் இல்லாதவை. போரில் பிரிட்டிஷ் கடற்படை கரையை மறித்ததால் கிழக்கு ஆப்பிரிக்காவில் தலைகள் தீர்ந்துபோயின. வூகா என்ற இடத்தில் இருந்த சீர்திருத்தச் சபை மிஷனின் அச்சகத்தில், அச்செழுத்துகளைக் கோத்து, படமே இல்லாமல் இரண்டரை ஹெல்லர், ஏழரை ஹெல்லர், ஒரு ரூப்பி என்று மூன்று தலைகளை அடித்தார்கள். அதற்குள் 1916-இல் 'மேரி' என்ற கப்பல் முற்றுகைக்குள் நழுவி வந்து புதுத் தலைகளை இறக்கிவிட்டது. வூகா தலைகள் தேவைப்படவில்லை. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று மண்ணில் புதைத்தார்கள். 1921-இல் தோண்டி எடுத்து ஜெர்மனியில் விற்றபோது பெரும்பாலானவை ஈரத்தில் கறைபட்டு, ஒட்டிப்போய் இருந்தன. எனவே ஒரு வூகா தலை வெள்ளை வெளேரென்று, பளபளப்பாக விற்பனைக்கு வந்தால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

ஜி.ஆர்.ஐ. என்று அடித்த கப்பல் தலைகள் ஜெர்மனியுடையவையா?

தலை ஜெர்மனியுடையது, மேலச்சு காலனியைப் பிடித்தவர்களுடையது. 'ஜார்ஜ், மன்னர், பேரரசர்' என்பதன் லத்தீன் முதலெழுத்துகள் அவை. நியூசிலாந்துப் படை சமோவாவில் இறங்கிய ஐந்தே நாளில், செப்டம்பர் 3 அன்று, கைப்பற்றிய தலைகள் மேல் அப்பியாவின் பத்திரிகை அச்சகத்தில் பென்னி மதிப்பு அடித்து வெளியிட்டார்கள். அவசர வேலை, பிழைகள் ஏராளம்: பின்னத்தின் நடுக்கோடு இல்லாதவை, புள்ளிக்குப் பதில் கால்புள்ளி விழுந்தவை என்று.

நியூகினியில் ஆஸ்திரேலியர்கள் ரபாவுலில் அடித்தார்கள். அங்கே எழுத்துக்கும் மதிப்புக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் முதல் அடுக்கு, 5 என்றால் இரண்டாவது. தலை போதாமல், பதிவுத் தபாலுக்கு ஒட்டும் எண் சீட்டுகள் மேல்கூட அடித்து 3 பென்னி தலையாக விற்றார்கள். டோகோவில் லோமே கத்தோலிக்க மிஷன் அச்சகத்தில் 'ஆங்கில-பிரெஞ்சு ஆக்கிரமிப்பு' என்றும், கேமரூனில் சி.இ.எஃப். (அங்கே போன பிரிட்டிஷ் படையின் ஆங்கில முதலெழுத்துகள்) என்றும் விழுந்தது. எல்லாவற்றுக்கும் போலி உண்டு. அடிப்படைத் தலை மலிவு, மேலச்சு விலை உயர்ந்தது என்ற நிலை இருந்தால் போலி அடிப்பவருக்கு அழைப்பு வேண்டுமா என்ன?

பாதி வெட்டிய தலை செல்லுமா?

சில இடங்களில், சில நாட்களுக்கு. கரோலின் தீவுகளின் போனபேயில் 1905 ஏப்ரல் 20 அன்று புயல் அடித்துத் தபால் கையிருப்பு நாசமாயிற்று. 10 ஃபென்னிக் தலையை வெட்டி 5 ஃபென்னிக்காக அஞ்சலட்டைகளில் ஒட்டினார்கள். அட்டையோடு, சரியான முத்திரையோடு இருந்தால்தான் மதிப்பு. தனியாக வரும் பாதித் தலை கத்தரிக்கோலுக்கு மட்டும் சாட்சி.

அசல் மேலச்சா என்று எப்படி உறுதி செய்வது?

வீட்டில் செய்யக்கூடியது: மேலச்சின் மை முத்திரைக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். மேலச்சு முதலில், முத்திரை பிறகு விழுந்திருக்க வேண்டும். எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். தலை அச்சான வருட நிறச் சாயல் மேலச்சு வருடத்தோடு பொருந்த வேண்டும். ஜெனீவாவில் பிரான்சுவா ஃபூர்னியே என்றொருவர் இருந்தார், 1917-இல் இறந்தார். உலகம் முழுவதற்கும் போலித் தலைகளை விலைப்பட்டியல் போட்டே விற்றார். அவருடைய சரக்கு இன்னும் ஆல்பங்களில் உலவுகிறது.

விலை உயர்ந்தது என்றால் சான்றிதழ் வாங்குங்கள். ஜெர்மனியில் பி.பி.பி. என்ற பரிசோதகர் சங்கம் இருக்கிறது, காலனிகளுக்கென்றே தனிப் பரிசோதகர்கள் உண்டு. தலையின் பின்பக்கம் சின்ன முத்திரை குத்துவார்கள். குறையில்லாத தலைக்கு அது கீழ் ஓரத்தில் இருக்கும், குறை கூடக் கூட மேலே ஏறும். ஏலப் படத்தில் பின்பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்புறம், பின்பக்க முத்திரையையும் போலியாக அடிக்கிறார்கள்.

நம் பக்கத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா?

உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மேல் குண்டு போட்ட எம்டன் கப்பல் சிங்டாவிலிருந்து கிளம்பியது. வழியில் மரியானாவின் பாகன் தீவில் தன் படைப்பிரிவோடு சேர்ந்துகொண்டது. 'அவன் பெரிய எம்டன்' என்று வீட்டில் சொன்ன பாட்டிகளுக்கு கியாவ்சாவ் எங்கே என்று தெரிந்திருக்காது. அதே வருடம் நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கித் தோற்ற இந்தியப் படையில் 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தது. இந்தியப் படைகளுக்கென்று ஐ.இ.எஃப். மேலச்சு போட்ட இந்தியத் தலைகள் அந்தப் போரில்தான் வந்தன. கிழக்கு ஆப்பிரிக்க ஆல்பத்தில் அவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

இந்தக் காலனி ஆட்சி செய்ததை நினைத்தால், சேகரிப்பதே உறுத்தலாக இல்லையா?

உறுத்தும். தென்மேற்கு ஆப்பிரிக்காவில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். அது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு 2021-இல் ஒப்புக்கொண்டது. அந்தப் போரில் சிப்பாய்களின் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் இல்லை. எனவே அந்த வருட உறைகள் பலவற்றில் தலையே இருக்காது, போர்க்களத் தபால் முத்திரை மட்டும் இருக்கும். நான் அவற்றை ஆல்பத்தில் வைத்து, பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதியும் வைக்கிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

பத்துக் காலனியிலும் ஒவ்வொன்று என்று அலையாமல் ஒரே ஒன்றைப் பிடியுங்கள். மிஷெல் என்ற ஜெர்மன் தபால்தலைக் கேட்டலாக்கின் ஜெர்மனி சிறப்புத் தொகுதி ஒன்றை வாங்குங்கள், பழையதானாலும் பரவாயில்லை, விலைதான் மாறும், வகைகள் மாறாது. நான் சிபாரிசு செய்வது தனித் தலைகளை அல்ல, படம் போட்ட அஞ்சலட்டைகளை. சிங்டாவ், ஸ்வாகோப்முண்ட், டார் எஸ் சலாம் ஆகிய ஊர்களிலிருந்து வீட்டுக்கு எழுதியவை நிறையவே பிழைத்திருக்கின்றன. ஒரு சின்னத் தலை, தெளிவான முத்திரை, பல அட்டைகளில் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரையும் இருக்கும். பின்னால் 'இங்கே வெயில் தாங்கவில்லை' என்ற மாதிரி ஒரு வரி. அந்தத் தலை அங்கே போய் வந்ததா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.